பாய்க்கு ஒரு வெப்சைட்: "எதுக்கு?" என்று உம்மா கேட்டதே முதல் கேள்வி

கேள்வி: நாங்கள் பத்தமடைக்காரர்கள். உம்மாவும் எங்கள் தெருவில் இன்னும் நான்கு பெண்களும் கோரைப்பாய் நெய்கிறார்கள். சாதாரணப் பாயும் உண்டு, கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் போட்ட பட்டுப்பாயும் (பட்டுபோல மெல்லிசாக நெய்த கோரைப்பாய்) உண்டு. ஒரு பட்டுப்பாய்க்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிடும். வியாபாரி மூலமாகவும், வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்கள் கேட்டும் விற்கிறோம். வெப்சைட் போடலாமென்று ஒரு கம்பெனியில் விசாரித்தேன். 18,000 ரூபாய்க்கு ஐந்து பக்கம். 45,000 ரூபாய்க்குப் பதினைந்து பக்கம், ஷாப்பிங் கார்ட், பிளாக், சாட்பாட் (கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் வசதி) எல்லாம் சேர்த்து. இப்படி இரண்டு கொட்டேஷன் தந்திருக்கிறார்கள். துபாயில் இருக்கும் அண்ணன் பணம் தருவதாகச் சொல்கிறார். பத்தமடைப் பாயின் பெருமை முழுவதும் அதில் வந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. உம்மாவோ, "அது எதுக்கு?" என்று ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டுப் பாய் நெய்யப் போய்விட்டார். எந்த பேக்கேஜ் எடுப்பது? என்னென்ன பக்கங்கள் வைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு கொட்டேஷனையும் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகப் பேசியிருக்கிறீர்கள். அதில் வேலைக்கு ஆகிற கேள்வியைக் கேட்டவர் உங்கள் உம்மா. அவருக்குப் பதில் சொல்ல முடிந்த பிறகு எந்த பேக்கேஜ் என்பதை நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள். அதற்கு முன்னால் எதை எடுத்தாலும் அது குருட்டாம்போக்கு.

பாய் எத்தனை முழம், யாருக்கு, எந்த ரகம் என்று தெரியாமல் உம்மா பாவு (நெசவின் நீளவாட்டு நூல்) கட்டமாட்டார். கட்டிய பிறகு அகலத்தை மாற்ற முடியாது என்பது அவருக்குத் தெரியும். வெப்சைட்டிலும் இதே நிலைமைதான். கட்டி முடித்த பிறகு "இது வேண்டாம், அது வேண்டும்" என்றால், பாதியைப் பிரித்துப் போட்டு மறுபடி செய்ய வேண்டும். அதற்குத் தனியாகப் பணமும் கேட்பார்கள்.

முதலில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து, கடந்த ஆறு மாதத்தில் பாய் விஷயமாக வந்த செய்திகளை ஒன்றுவிடாமல் படியுங்கள். ஒரு நோட்டில், யார் கேட்டார், எந்த ஊர், என்ன கேட்டார், கடைசியில் வாங்கினாரா, வாங்காவிட்டால் பேச்சு எந்த இடத்தில் நின்றது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். வாய்ஸ் மெசேஜ்களையும் விடாதீர்கள். உம்மாவுக்கு நேரே வரும் போன்களைப் பற்றி அவரிடம் கேட்டு எழுதுங்கள். கம்பெனி விரிக்கிற எந்தப் படத்தையும்விட இந்த நோட்டு உங்களுக்கு அதிகம் சொல்லும். ஏனென்றால் அதில் இருப்பவர்கள் கற்பனை வாடிக்கையாளர்கள் இல்லை. ஏற்கெனவே உங்கள் வாசல் வரை வந்தவர்கள்.

அந்த நோட்டில் பெரும்பாலும் மூன்று வகை ஆட்கள் தெரிவார்கள் என்று நினைக்கிறேன். மகளுக்கோ மகனுக்கோ கல்யாணம் வைத்திருக்கும் குடும்பத்தார் ஒரு வகை. அவர்களுக்கு விலை தெரிய வேண்டும், பெயர் போட முடியுமா என்று தெரிய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே தேதிக்குள் வந்துசேருமா என்று தெரிய வேண்டும். கடை வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. ஐம்பது பாய் எடுத்தால் என்ன ரேட், மாதாமாதம் தர முடியுமா என்பார்கள். மூன்றாவது வகை, பத்தமடைப் பாயைப் பற்றிப் படிக்க, எழுத, படம் எடுக்க விரும்புகிறவர்கள். உங்கள் அண்ணன் மனதில் இருப்பவர்கள் இவர்கள்தான்.

மூவருக்கும் ஒரே முகப்புப் பக்கம் ஒத்துவராது. கடைக்காரருக்கான மொத்த விலையைப் போட்டால், ஒற்றைப் பாய் வாங்க வந்த குடும்பம் அதைப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் ஏன் இத்தனை கூட என்று கேட்கும். வரலாற்றை மேலே வைத்தால், 'எத்தனை நாள் ஆகும்' என்று தேடி வந்தவர் பாதியிலேயே மூடிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். மூவரையும் திருப்திப்படுத்தப் பார்க்கும்போதுதான் பதினைந்து பக்கம் தேவைப்படுவதுபோல் தோன்றும்.

ஊரில் இருக்கும் திருமண மண்டபங்களின் வெப்சைட்டுகள் சிலவற்றைப் பாருங்கள், நான் சொல்வது புரியும். அங்கே போகிறவருக்கு என்ன வேண்டும்? தன் முகூர்த்த நாளில் மண்டபம் காலியாக இருக்கிறதா, வாடகை எவ்வளவு, பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம், வண்டி நிறுத்த இடம் உண்டா. பல தளங்களில் இந்த நான்கும் கண்ணில் படாது. நிறுவனரின் படம், வரவேற்புரை, 'எங்கள் தொலைநோக்கு' என்று ஒரு பக்கம், அலங்கார விளக்குப் படங்கள் நாற்பது. கடைசியில் ஒரு போன் நம்பர். அந்த நம்பருக்கு மட்டும் ஒரு பக்கம் போதுமே. செலவு செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். யார் எதற்காக வருவார் என்ற கேள்வியை முதலில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வெப்சைட்டுகள் எல்லாம் இருக்கும் இந்த இணைய வலை உலகில் தொடங்கிய இடத்தின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் தன் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1991-இல் முதல் தளம் பொதுப் பார்வைக்கு வந்தது. உலகத் தகவல்களையெல்லாம் இணைக்கும் யோசனை என்று சொன்னபோது, அங்கே வேலை செய்தவர்கள் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களை உள்ளே இழுத்தது ஆய்வுக்கூடத்தின் டெலிபோன் டைரக்டரி. அதுவரை ஒரு நம்பர் பார்க்க வேண்டுமென்றால் பெரிய கணினிக்குள் லாக்-இன் செய்ய வேண்டியிருந்தது. டைரக்டரியை வலையில் போட்டதும், தினமும் இருந்த ஒரு சின்னத் தொல்லை தீர்ந்தது. ஆட்கள் வந்தார்கள். அத்தனை பெரிய கனவுக்கே இப்படி ஒரு சின்ன, தெளிவான வேலை தேவைப்பட்டிருக்கிறது.

நம் பக்கத்தில் மதுரைத் திட்டத்தைச் சொல்வேன். 1998 பொங்கலன்று தொடங்கியது. தமிழ் இலக்கிய நூல்களை மின்பதிப்பாக்கி எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைப்பது என்பது அதன் நோக்கம். இத்தனை ஆண்டுகளாக அதே வேலையைச் செய்கிறது. சினிமாச் செய்தியும் ராசிபலனும் போட்டிருந்தால் கூட்டம் சேர்ந்திருக்கும். அந்த நோக்கத்தில் அதற்கு இடமில்லை. எதைச் சேர்க்கக் கூடாது என்பதையும் நோக்கமே சொல்லிவிடுகிறது. எனக்கு அதில் பிடித்தது அதுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: ஒரு பட்டுப்பாய்க்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். நெய்கிறவர்கள் ஐந்து பேர். ஐவரும் வேறு எதையும் தொடாமல் பட்டுப்பாய் மட்டுமே நெய்தாலும் மாதத்துக்கு ஆறு, மிஞ்சினால் ஏழு. வீட்டுவேலை, உடம்புக்கு முடியாத நாள், கோரை காயாத மழைக்காலம் எல்லாம் கழித்தால் இன்னும் குறையும். அப்படியானால் உங்கள் வெப்சைட் மாதம் ஐந்தாறு நல்ல ஆர்டர் கொண்டுவந்தால் போதும். மாதம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுவந்து காட்டுகிறோம், விளம்பரத்துக்குத் தனிக் கட்டணம் என்று யாராவது சொன்னால், அந்த ஆயிரம் பேருக்கு நெய்ய ஆள் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஷாப்பிங் கார்ட் உங்களுக்கு ஆகாது என்று நான் சொல்வதும் இதனால்தான். நெய்து அடுக்கி வைத்த சரக்குக்கு அது சரி. உங்களுடையது ஆர்டர் வந்த பிறகு நெய்வது, அதுவும் பெயர் போட்டு. ஒரே ராத்திரியில் நான்கு பேர் அந்தப் படத்தைத் தட்டிப் பணம் கட்டிவிட்டார்கள், நால்வர் வீட்டுக் கல்யாணமும் அடுத்த இரண்டு வாரத்தில் என்றால் என்ன செய்வீர்கள்? பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். பாய் வரவில்லை என்று அவர்கள் எழுதி வைப்பதைத் திருப்ப முடியாது.

ஆகவே, உங்கள் நோட்டு வேறு விதமாகச் சொல்லாத வரை, என் யோசனை இது. நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'கல்யாணத்துக்குப் பெயர் போட்ட பட்டுப்பாய் தேடும் குடும்பத்தார், விலையும் நாளும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, பெயர், தேதி, அளவு, நிறம் நான்கையும் பிழையில்லாமல் எழுதி, அட்வான்ஸ் கட்டி, எங்களிடம் நேரடியாக ஆர்டர் கொடுக்க.'

இதில் யார் வருகிறார் என்பது இருக்கிறது, வந்து என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது. 'நேரடியாக' என்ற சொல்லில் உங்கள் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பதும் இருக்கிறது. வியாபாரியின் பங்கு மிச்சமாகும். 'பத்தமடைப் பாயை உலகறியச் செய்ய' என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதை வைத்து எந்தப் பக்கம் வேண்டும், எது வேண்டாம் என்று உங்களால் சொல்ல முடியாது.

இந்த வாக்கியத்தை நீங்கள் மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். உம்மாவிடம் தனியாகக் கேளுங்கள், நெய்கிற பெண்களிடம் கேளுங்கள், அண்ணனிடம் போனில் கேளுங்கள்: ஒரு வருஷம் கழித்து இந்த வெப்சைட்டால் என்ன மாறியிருந்தால் நல்லது என்று நினைப்பீர்கள்? உம்மா ஒருவேளை, வியாபாரி சொல்கிற விலைக்குத் தலையாட்ட வேண்டாம் என்பார். நெய்கிறவர்களில் ஒருவர், ராத்திரி பத்து மணிக்குப் போன் வராமல் இருந்தால் போதும் என்பார். அண்ணனுக்கு ஊர்ப்பெருமை. உங்களுக்கு, மனதுக்குள், நீங்களே நடத்துகிற ஒரு தொழில் என்ற எண்ணம்கூட இருக்கலாம். எதுவும் தவறில்லை. ஆனால் இந்த வேறுபாடு இப்போதே வெளியே வந்துவிட வேண்டும். பணம் போட்டுக் கட்டிய பிறகு வந்தால் அது மனஸ்தாபமாகிவிடும். பணம் கொடுக்கிறவர் ஒருவர், கை வருந்த நெய்கிறவர் இன்னொருவர் என்ற குடும்பங்களில் இது எளிதாக நடக்கிறது.

அண்ணனுடைய ஆசைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரிழை போலக் கிழித்து, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிற வேலையைத் தெரியாத ஒருவர், பட்டுப்பாயின் விலையைப் பார்த்ததும், ஒரு பாய்க்கா இவ்வளவு என்றுதான் கேட்பார். அந்த வேலையை நான்கு பத்தியும் ஐந்தாறு படங்களுமாகச் சொன்னால் விலையும் புரியும், மூன்று வாரம் ஏன் என்பதும் புரியும். விலைக்குக் கீழே அதை வையுங்கள். ஊர்ப்பெருமை அங்கே உங்கள் நோக்கத்துக்கு உழைக்கும். பழங்கால வரலாறு முழுவதையும் எழுத அண்ணனுக்கு மனமிருந்தால், அது நல்ல காரியம். வேறு இடத்தில், வேறு நோக்கத்தோடு செய்யலாம்.

இதையொட்டி ஓர் எச்சரிக்கை. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசுப் பதிவு, உண்டு. அதற்காக அந்த முத்திரையை யார் வேண்டுமானாலும் தன் தளத்தில் ஒட்டிக்கொள்ள முடியாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த உரிமை. பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. உம்மா பெயரிலோ, அவர் உறுப்பினராக இருக்கும் சங்கத்தின் பெயரிலோ பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விண்ணப்பியுங்கள். உண்மையில் அந்த ஊரில் உட்கார்ந்து நெய்கிற உங்களுக்கு அது பயன்பட வேண்டும். வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது ஜிஎஸ்டி எப்படி என்பதை ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி பக்கங்கள். அந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனியின் பட்டியலைப் படியுங்கள். சாட்பாட்? மாதம் ஆறு ஆர்டருக்கு அது எதற்கு? பிளாக்? யார் எழுதப்போகிறார்? இரண்டு பதிவோடு நின்றுபோன பிளாக், கடையே மூடிவிட்டது என்ற எண்ணத்தைத்தான் உண்டாக்கும். என் கணக்கில் உங்களுக்குத் தேவை நீளமாக ஒரே பக்கம். மேலே பெயர் தெளிவாகத் தெரியும்படி ஒரு பாயின் படம், அதன் கீழேயே அளவுவாரியாக விலை, எத்தனை நாள் ஆகும், எந்தத் தேதிக்குள் சொன்னால் எந்த மாதக் கல்யாணத்துக்குக் கிடைக்கும்.

அந்தக் கடைசி விவரம்தான் உங்கள் தளத்தின் உயிர். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தங்கள் கொத்தாக வருகின்றன. ஆடியிலும் மார்கழியிலும் பொதுவாக இந்துக் கல்யாணங்கள் இல்லை. ரமலானில் உங்கள் சமூகத்தில் கல்யாணங்கள் குறைவு. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். 'தை மாதக் கல்யாணங்களுக்கு ஐப்பசிக் கடைசி வரை ஆர்டர் எடுப்போம்; இன்னும் மூன்று பாய்க்கு இடமிருக்கிறது' என்று ஒரு வரி அங்கே இருந்தால், பாதிப் போன்கள் தேவைப்படாது. இடம் நிரம்பியதும் அதை நீங்களே போனிலிருந்து மாற்ற முடிய வேண்டும். கம்பெனியிடம் கேட்க வேண்டிய முதல் வசதி இது. கார்ட்டையும் சாட்பாட்டையும் விட இதற்குப் பணம் கொடுங்கள்.

அடுத்து ஆர்டர் படிவம். பெயரை வாடிக்கையாளரே தன் கையால் டைப் செய்யட்டும். போனில் கேட்டு எழுதினால் றகரமா ரகரமா, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று தகராறு வரும். தமிழிலா ஆங்கிலத்திலா என்பதும் படிவத்திலேயே வரவேண்டும். நெய்யத் தொடங்குமுன், பெயர் எப்படி அமையும் என்று தாளில் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகே வேலை தொடங்கும் என்று எழுதிவிடுங்கள். பாய் கல்யாணத் தேதிக்கு எத்தனை நாள் முன்னால் கையில் இருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். கூரியர் தாமதத்துக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

எந்த மொழியில் என்பதையும் உங்கள் நோட்டே சொல்லும். கேட்டவர்களில் பலர் வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் என்றால், கல்யாணம் செய்துகொள்ளும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராமல் இருக்கலாம், ஆங்கிலமும் வேண்டும். எந்த மொழியானாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும். விலைப்பட்டியலைப் படமாகச் செய்து ஒட்டினால் கூகுளில் தேடுகிறவருக்கு அது எளிதில் கிடைக்காது, போனில் படிப்பதும் சிரமம்.

இவ்வளவையும் காசு செலவழிக்காமல் சோதித்துப் பார்க்கலாம். வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம்; அதில் கேட்டலாக் போடலாம், அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலைத் தயாராக வைக்கலாம். கூகுள் பிசினஸ் புரொஃபைலும் இலவசம். மேலே சொன்ன பக்கத்தின் வாசகங்களை ஒரு தாளில் எழுதி, ஏற்கெனவே உங்களிடம் பாய் வாங்கிய நாலைந்து பேருக்கு அனுப்புங்கள். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். 'உங்கள் தங்கை கல்யாணத்துக்கு இதைப் பார்த்து ஒரு ஆர்டர் எழுதி அனுப்புங்கள்' என்று சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறித் திருப்பிக் கேட்கிறார்களோ அந்த இடத்தைத் திருத்துங்கள். அடுத்த முகூர்த்த காலம் ஒன்றை இப்படியே ஓட்டிப் பாருங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

அதன் பிறகும் தளம் வேண்டும் என்று தோன்றினால் (வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், வாட்ஸ்அப் நம்பர் தெரியாதவர்களும் உங்களைத் தேடுவார்கள்), அந்தத் தாளை எடுத்துப்போய் அதே கம்பெனியிடம் புதிதாகக் கொட்டேஷன் கேளுங்கள். இந்த ஒரு பக்கம், இந்தப் படிவம், நானே மாற்றக்கூடிய இந்தத் தேதி வரி, இவ்வளவுதான் என்று சொல்லுங்கள். டொமைன் (தளத்தின் இணைய முகவரி) உங்கள் பெயரிலும் உங்கள் ஈமெயிலிலும் பதிவாகட்டும். கம்பெனி பெயரில் போனால், நாளைக்கு நீங்கள் வேறு ஆளிடம் மாற நினைக்கும்போது அது முட்டுக்கட்டையாகும். வருஷா வருஷம் டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடத்துக்கான வாடகை) எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஆறு மாதம் கழித்து எதை எண்ணிப் பார்ப்பது என்பதையும் இப்போதே குறித்து வையுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் உங்களுக்கு எதுவும் சொல்லாது. வந்த ஆர்டர்களில் எத்தனை முழு விவரத்தோடு வந்தன, எத்தனை வியாபாரி இல்லாமல் நேரே வந்தன, எத்தனை பாய் சொன்ன தேதிக்குள் போய்ச் சேர்ந்தன. அந்த மூன்றும் ஏறினால் தளம் வேலை செய்கிறது.

ஒன்றை மட்டும் நான் சொல்ல முடியாது, உம்மாதான் முடிவு செய்ய வேண்டும். அட்வான்ஸ் வாங்கி, பெயரும் நெய்த பிறகு அந்தக் கல்யாணம் நின்றுபோனால் என்ன செய்வது? அந்தப் பாயை இன்னொருவருக்கு விற்க முடியாது. மனம் நொந்திருக்கும் வீட்டில் மீதிப் பணம் கேட்பதும் எளிதில்லை. உம்மா என்ன முடிவு சொல்கிறாரோ அதை விலைக்குப் பக்கத்திலேயே எல்லாரும் பார்க்கும்படி எழுதிவிடுங்கள்.